துப்பாக்கிக் கட்டை மாற்றுவது: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களக்காடு, அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கம் அப்பா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கட்டை விஷயமாகக் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். தோளில் உதைக்கிறது, குறி நிற்கவில்லை, கட்டை வெடித்துவிட்டது, இணையத்தில் பார்த்த கறுப்புக் கட்டை நம் துப்பாக்கிக்கு வருமா. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கட்டை என்று நான் சொல்வது தோளில் வைக்கும் பட், கையில் பிடிக்கும் முன்கட்டை இரண்டையும் சேர்த்துத்தான்.

வேட்டையே கிடையாது. பிறகு வேட்டைத் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை எதற்கு?

நியாயமான கேள்வி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் மிளா வேட்டை, முயல் வேட்டை எல்லாம் முடிந்த கதை. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. 2025-இல் தமிழக அரசு கொண்டுவந்த வழிமுறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடும் வேலை பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்களுடையது, வயல்காரருடையது அல்ல.

ஆனால் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. தற்காப்புக்கு வைத்திருக்கிறார்கள், சுடுதளத்தில் குறி பழகுகிறார்கள், சிலர் தாத்தா நினைவாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். கட்டை சரியில்லாத துப்பாக்கி சுடுகிறவனுக்கும் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. இந்தப் பதில்கள் அந்த அளவுக்குத்தான்.

அண்ணாச்சி, தெரிந்த ஆசாரி இருக்கிறார். துப்பாக்கியை அவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லலாமா?

கொடுக்கக் கூடாது. ஒரு ராத்திரிகூட அவர் பட்டறையில் இருக்கக் கூடாது. லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது, அவர் பெயரில் இல்லை. துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றி அமைக்கவும் 1959 ஆயுதச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். அது இருப்பது ஆயுதக் கடைக்காரரிடமும் அவருடைய துப்பாக்கி மிஸ்திரியிடமும்தான். ஆசாரியிடம் பழைய கட்டையை மட்டும் கழற்றிக் கொடுக்கலாம். அதைப் பார்த்து வெளி உருவத்தைச் செதுக்கித் தரட்டும். குழலும் ரிசீவரும் (குழலுக்குப் பின்னால் போல்ட் ஓடும் இரும்பு உடம்பு) உட்காரும் பள்ளத்தை வெட்டி இரும்போடு பொருத்தும் வேலை லைசென்ஸ் உள்ள கடையில் நடக்க வேண்டும்.

குழலைக் குட்டையாக்குவது தனிக் குற்றம். கட்டை மாற்றும்போதே "முன்னால் கொஞ்சம் வெட்டிவிடவா?" என்று யாராவது கேட்டால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

புலிகள் காப்பகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்களுக்கு ஏதும் தனி விதி உண்டா?

உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. சரணாலயத்துக்குள்ளோ அதன் எல்லையிலிருந்து 10 கி.மீ.க்குள்ளோ குடியிருப்பவர் லைசென்ஸ் துப்பாக்கியை வனத்துறையிலும் பதிவு செய்திருக்க வேண்டும். வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அது. களக்காடு, திருக்குறுங்குடி, பாபநாசம், மணிமுத்தாறு எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியவை. கூந்தன்குளமும் சரணாலயம்தான், அதை மறந்துவிடுகிறார்கள். கட்டையைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பதிவுக் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கட்டை போட்ட துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு காரையார் பக்கம் ஒரு சுற்று என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

என் துப்பாக்கிக்கு எந்தக் கட்டை பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தோட்டா அளவை வைத்துக் கட்டை வாங்க முடியாது. ரிசீவரின் வடிவம், திருகுகளுக்கு இடையே உள்ள தூரம், தோட்டாப் பெட்டியான மேகசின் இறங்கும் இடம், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி படியும் வெட்டு, குழலின் பருமன் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டு விற்பனைப் பக்கங்களில் ரெமிங்டன் 700, மவுசர் 98 என்று மாடல் பெயர் போட்டிருப்பது அதனால்தான். அதிலும் தோட்டா ஏற்றும் பொறியின் நீளத்தைப் பொறுத்து நீள ஆக்‌ஷன், குட்டை ஆக்‌ஷன் என்று பிரிவு உண்டு.

நம் பக்கம் அதிகம் இருப்பது இந்திய ஆயுதத் தொழிற்சாலையின் .315 ரைஃபிள். ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே வேறு தோட்டாவுக்குச் செய்த ரைஃபிள் அது. ஆனால் உடம்பு பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டின் உடம்புதான். அதன் கட்டை ஒரே துண்டு அல்ல. பட் தனி, முன்கட்டை தனி, நடுவில் இரும்புச் சாக்கெட். ரெமிங்டனுக்கோ மவுசருக்கோ செய்த ஒற்றைத் துண்டுக் கட்டையை எப்படிச் செதுக்கினாலும் இதில் உட்காராது. லீ என்ஃபீல்டு மார்க் 3 வகைக்கு என்று விற்கிற கட்டையைத்தான் தேட வேண்டும், அதிலும் முன்கட்டையில் கொஞ்சம் கைவேலை இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஆயுதக் கடைக்காரர் மூலம் விசாரியுங்கள். ஆயுதச் சட்டத்தின் வரையறையில் ஆயுதத்தின் பாகங்களும் அடங்கும். வெறும் மரம்தானே என்று கூரியரில் போட்டுவிட்டுச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு விளக்கம் சொல்வது பெரிய அலைச்சல்.

அளவு எப்படிப் பார்ப்பது?

மரம், நிறம், விலை எல்லாவற்றுக்கும் முந்தியது இதுதான். என்னைக் கேட்டால் கட்டை மாற்ற வேண்டும் என்று வருபவர்களில் பாதிப் பேருக்குப் புதுக் கட்டையே வேண்டாம். இருக்கிற கட்டையில் அரை அங்குலம் குறைத்தாலோ கன்னம் படியும் இடத்தைக் கொஞ்சம் உயர்த்தினாலோ போதும்.

முதலில் போல்ட்டைக் கழற்றி அறையில் தோட்டா இல்லை என்று விரலை விட்டுப் பாருங்கள். அப்புறம் விசையின் நடுவிலிருந்து பட் தகட்டின் நடுவரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக் கடைக் கட்டைகளில் இது பெரும்பாலும் 13½ முதல் 14 அங்குலம் வரை இருக்கும். ஐந்தரை அடி ஆளுக்கு அது நீளம். 13 அங்குலத்தை ஒட்டி வைத்தால் வசதி. முழங்கையைச் சதுரமாக மடக்கி, பட் முகத்தை முழங்கை மடிப்பில் வைத்து, ஆட்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொடுகிறதா என்று பார்க்கும் பழைய முறை ஒரு தோராயத்துக்கு உதவும். அதை வைத்து மரத்தை அறுத்துவிடாதீர்கள்.

சரியான சோதனை வேறு. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். முன்குறியும் பின்குறியும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால் கட்டை உங்களுடையது. கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் கட்டை நீளம். வலது கைப் பெருவிரல் மூக்கை ஒட்டி நின்றால் குட்டை. முன்குறி பின்குறிக்குள் புதைந்து மறைந்தால் கன்னமேடு தாழ்வு. முன்குறி உயரத் தூக்கித் தெரிந்தால் மேடு அதிகம். இதை நாலைந்து தடவை செய்யுங்கள், சுடப்போகும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு. குளிர்நாட்டில் கோட்டுக்கு மேல் வைத்துச் சுடுபவர்களுக்குச் சொன்ன அளவு, மெல்லிய சட்டையில் நிற்கிற நமக்கு அப்படியே வராது.

.315-க்கு இன்னொரு வசதி உண்டு. லீ என்ஃபீல்டு பட்டையே நான்கு நீளத்தில் செய்தார்கள். சாதாரண அளவு, அரை அங்குலம் கூடியது, அரை அங்குலம் குறைந்தது, பான்டம் என்று சொல்லும் ஒரு அங்குலம் குறைந்தது. பழைய பட் ஒன்று கைக்கு வந்தால் அதில் எழுத்து குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். எல் நீளம், எஸ் குட்டை, பி பான்டம்.

ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மாட்டினால் கணக்கு மாறும். ஸ்கோப் குழலுக்கு மேலே உயர்ந்து நிற்பதால், இரும்புக் குறிக்குச் செய்த தாழ்ந்த கன்னமேட்டில் கன்னம் படியாது, தாடைதான் படும். மேட்டை உயர்த்தத் தோல் உறை ஒன்றைக் கட்டி உள்ளே அட்டை வைத்துப் பார்க்கலாம். எத்தனை அட்டையில் கண் சரியாக விழுகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டிய உயரம். ஸ்கோப்பின் பின் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் புருவம் கிழியும்.

தோளில் உதைக்கிறது. ரப்பர் பட்டை ஒட்டினால் போதுமா?

போதலாம். ஆனால் ரப்பரின் கனத்தை மரத்தில் கழித்துவிட்டு ஒட்ட வேண்டும். ஒரு அங்குல ரப்பரை அப்படியே ஒட்டினால் கட்டை ஒரு அங்குலம் நீண்டுவிடும், தோளில் சரியாக உட்காராது. அறுக்கும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, பல் நெருக்கமான வாளால் மெதுவாக அறுங்கள். அப்போதுதான் ஓரம் பிசிறு கிளம்பாது. பட் முகத்தின் சாய்வு பழையபடியே இருக்க வேண்டும்.

கனமில்லாத பிளாஸ்டிக் கட்டை வாங்கினால் உதை கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மரமா, பிளாஸ்டிக்கா?

பிளாஸ்டிக் கட்டை மழைக்கு ஊதாது, வெயிலுக்குச் சுருங்காது. அதில் மட்டமானது மெலிந்திருக்கும்; முன்கட்டையை இரண்டு விரலால் அழுத்தினாலே வளைந்து குழலைத் தொடும். கண்ணாடி இழைக் கட்டை நல்லது, விலை அதிகம். மரத் தகடுகளைப் பசையிட்டு அழுத்திய லாமினேட் கட்டை எனக்குப் பிடித்தது: கனம் கொஞ்சம் கூடுதல், ஆனால் அசையாது. .315-க்குப் பெரும்பாலும் மரம்தான் கிடைக்கும் என்பதால் இந்த விவாதம் நம் பக்கம் பாதி பேருக்குத் தேவைப்படாது.

நம் ஊர் மரத்தில் செய்யலாமா? எந்த மரம்?

செய்யலாம். வால்நட் இல்லாவிட்டால் கட்டையே இல்லை என்பது விற்பவர் பேச்சு. தேக்கு அசையாது, எண்ணெய்ப் பசையுள்ள மரம், ஆனால் இழை நெடுகப் பிளக்கும் குணம் உண்டு. பட்டின் மெல்லிய கழுத்தில் அது ஆபத்து. வாகை நல்ல தேர்வு. கனமும் உறுதியும் போதுமான அளவு இருக்கிறது, இழையும் பார்க்க அழகு. பூவரசு அடி தாங்கும், ஆனால் போதுமான அகலத்தில் நேரான துண்டு கிடைப்பது அரிது. ஈட்டி கனம், அதை வெட்டி எடுத்துவரச் சட்டச் சிக்கலும் உண்டு. பழைய கட்டில் கால், நிலைச் சட்டம் இவற்றிலிருந்து வரும் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆணி ஓட்டை இல்லாத துண்டாகப் பாருங்கள்.

மரத்தின் பெயரைவிட இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, இழை ஓட்டம். பட்டின் கழுத்துப் பகுதியில் இழை கழுத்தின் போக்கிலேயே நீளமாக ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் முதல் உதையிலோ பத்தாவது உதையிலோ அங்கேதான் ஒடியும். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அட்டையில் வெட்டிய உருவத்தை மேலே வைத்து, அப்புறம் அறுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, காய்ச்சல். சித்திரை வெயிலில் வாங்கிய மரம் காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அறுத்த துண்டை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் நிழலில் போட்டு வையுங்கள். தபால் தராசில் வாரா வாரம் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகு செதுக்கத் தொடங்கலாம்.

இடையில் ஒன்று. அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்களிடம் செய்யச் சொல்லலாமே என்று கேட்கிறார்கள். செப்புச் சாமான் செய்யும் அவர்கள் கைவேலை பெரிய வேலைதான். ஆனால் கடைசல் சுற்றி உருளையாக வருவது. துப்பாக்கிக் கட்டையில் ஒரு இடம்கூட உருளை கிடையாது. உளியும் அரமும் பிடிக்கிற தச்சு வேலைக்காரர்தான் வேண்டும்.

.315-இன் பழைய பட்டைக் கழற்றுவது எப்படி?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் நல்ல கட்டைகள் உடைகின்றன. பட் தகட்டைக் கழற்றினால் உள்ளே நீளமாக ஒரு துளை இருக்கும். அதன் அடியில் பெரிய போல்ட் தலை. நீளத் திருப்புளி கிடைத்த உடனே திருகத் தோன்றும். திருகாதீர்கள். மார்க் 3 வகையில் அந்தப் போல்ட்டின் முன் முனை சதுரமாக இருக்கும். சாக்கெட்டைத் தாண்டி வந்து முன்கட்டையின் பின்பக்கத்தில் உள்ள ஒரு சிறு தகட்டுக்குள் பிடித்து நிற்கும். போல்ட் தானாகத் தளராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. முன்கட்டை இருக்கும்போதே போல்ட்டைத் திருகினால் அந்தச் சதுரம் சுழன்று முன்கட்டையை உள்ளிருந்து பிளந்துவிடும்.

ஆகவே முதலில் மேகசினையும் தோட்டாவைத் தள்ளும் போல்ட்டையும் (பட் போல்ட்டை அல்ல) எடுங்கள். அடுத்து முன்கட்டையைப் பிடிக்கும் வளையமும் விசைக் காப்பும் கழற்றி முன்கட்டையை நேராகக் கீழே இறக்குங்கள், பின்பக்கத்தை ஆட்டி எடுக்காதீர்கள். அதன் பிறகுதான் பட் போல்ட். துளைக்குள் தோல் துண்டு ஒன்று அடைத்திருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், திரும்பப் போட வேண்டும்.

முன்கட்டை பொருத்தும்போது எங்கே கவனம் வேண்டும்?

சுடும்போது இரும்பு பின்னால் வந்து மரத்தில் மோதுகிறது. அந்த மோதலை மரம் எங்கே வாங்குகிறது என்பதுதான் முழு விஷயம். மவுசர், ரெமிங்டன் வகையில் ரிசீவருக்கு அடியில் ஒரு இரும்பு முட்டு இருக்கும். அதன் பின்முகம் மரத்தில் முழுதாகப் படிய வேண்டும், முன்முகமும் பக்கங்களும் அடியும் தொடக் கூடாது. லீ என்ஃபீல்டு வகையில் முன்கட்டையின் பின்முனையில் வலமும் இடமுமாக இரண்டு சிறு முகங்கள் இந்த வேலையைச் செய்யும். இரண்டும் ஒரே அழுத்தத்தில் படிய வேண்டும். ஒன்று மட்டும் பட்டால் கட்டை அந்தப் பக்கம் வெடிக்கும். பழைய .315-களில் முன்கட்டையின் பின்னால் தெரியும் வெடிப்பு பெரும்பாலும் இதனால் வந்ததுதான், மரம் மட்டம் என்று திட்டிப் பயனில்லை.

படிகிறதா என்று பார்க்க விளக்குப் புகைக்கரி போதும்; இதை லைசென்ஸ் உள்ள கடையில் மிஸ்திரியோடு நின்று செய்யுங்கள். கரியை ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து இரும்பின் அந்த முகங்களில் மெல்லிதாகத் தடவி, கட்டையில் உட்காரவைத்து எடுங்கள். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடம் முட்டுகிற இடம். அதை மட்டும் உளி முனையால் சுரண்டுங்கள், செதுக்காதீர்கள். மறுபடி தடவு, வை, எடு, சுரண்டு. ஒரு பொழுது முழுதும் ஓடிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுப்பு விழுந்ததும் நிறுத்துங்கள்.

மிகையாகச் சுரண்டிவிட்டால் எபாக்சிப் பசை போட்டு நிரப்பலாம், அது மிஸ்திரி வேலை. அவரும் இரும்பில் மெழுகு தடவாமல் எபாக்சி ஊற்றக் கூடாது. ஊற்றினால் துப்பாக்கியும் கட்டையும் ஜென்மத்துக்கும் பிரியாது. திருகு ஓட்டைகளை முதலில் களிமண்ணால் அடைத்திருக்கிறாரா என்று கூட நின்று பாருங்கள்.

குழல் மரத்தைத் தொடக் கூடாது என்கிறார்களே?

ஒற்றைத் துண்டுக் கட்டைகளில் அது நல்ல விதி. குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே மடித்த ரூபாய் நோட்டை விட்டு ரிசீவர் வரை தடையில்லாமல் இழுக்க முடிய வேண்டும். நம் பக்கம் இதற்குக் காரணம் கூடுதல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊதிய மரம் பங்குனியில் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் குழலை அழுத்தினால் கோடையில் வைத்த குறி மழைக்காலத்தில் தள்ளிப்போகும்.

.315-இல் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். பழைய முன்கட்டை குழலை எங்கெங்கே தாங்கியிருந்தது என்று பள்ளத்தின் பளபளப்பைப் பார்த்துக் குறித்து வைத்து, புதியதிலும் அதே இடங்களில் தாங்கவிடுங்கள்.

திருகுகளை எவ்வளவு இறுக்குவது?

வெறும் மரக் கட்டைக்கு 4 முதல் 5 நியூட்டன் மீட்டர். திருகு ஓட்டைகளில் அலுமினியத் தூண் வைத்த கட்டைக்கு 7 வரை போகலாம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் குட்டைக் கைப்பிடித் திருப்புளியில் மணிக்கட்டு பலத்தோடு நிறுத்துங்கள். துப்பாக்கியைப் பட் தரையில் படும்படி நிமிர்த்தி நிறுத்தி, முதலில் முன் திருகு, பிறகு பின் திருகு. இறுக்கும்போது குழல் நுனி எழுந்தாலோ தாழ்ந்தாலோ உள்ளே பொருத்தம் சரியில்லை என்று அர்த்தம்.

ஏர் ரைஃபிளுக்கும் இதெல்லாம் உண்டா?

அளவு பார்ப்பது அப்படியே உண்டு. குழல் துளை .177 அங்குலத்தைத் தாண்டாமலும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் கட்டை மாற்றுவதும் எளிது. ஸ்பிரிங் வகை முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதறும். முன்கட்டைத் திருகுகள் தளர்ந்துகொண்டே இருக்கும். நீலநிறத் திருகுப் பசை ஒரு துளி விடுங்கள். லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காகக் குளத்துக் கொக்கைச் சுடலாம் என்று ஆகாது.

மரத்துக்கு என்ன பூச்சு?

ஆளிவிதை எண்ணெய். மெல்லிதாகத் துணியால் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, முழுதும் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. வெளியில் மட்டும் பூசுகிறார்கள். பட் தகட்டுக்கு அடியில் தெரியும் வெட்டு முகமும் முன்கட்டையின் உள் பள்ளமும்தான் ஈரத்தை அதிகம் குடிக்கும், அங்கே கட்டாயம் பூச வேண்டும். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும், வேண்டாம்.

தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால் புதுக் கட்டை கெடாதா?

கெட வாய்ப்பு உண்டு, மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். கொடுக்கும் முன் இரும்புக்கு எண்ணெய் போட்டு, மரத்துக்கு மெழுகு தேய்த்து, கட்டையின் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ரசீதில் எழுதும் நம்பர் குழலிலும் ரிசீவரிலும் இருப்பது. கட்டை மாறியதால் அது மாறப்போவதில்லை. ஆனால் பழைய ரசீதில் "பட் வெடிப்பு" என்று ஏதாவது குறித்திருந்தால், கட்டை மாற்றிய கடையின் பில்லையும் கூடக் கொண்டுபோங்கள். திரும்ப வாங்கியதும் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள்.

கட்டை மாற்றியதும் குறி மாறுமா?

மாறும். மாறாவிட்டால்தான் ஆச்சரியம். அனுமதி உள்ள சுடுதளத்தில், மணல் மூட்டையில் முன்கட்டையைத் தாங்கி (குழலை அல்ல) 50 மீட்டரில் ஐந்து தோட்டா சுடுங்கள். ஐந்தும் ஓரிடத்தில் கூடி, அந்தக் கூட்டம் தள்ளி விழுந்தால் குறியைத் திருத்தினால் போதும். ஐந்தும் சிதறினால் குறியைத் தொடாதீர்கள், திருகையும் இரும்பு மரத்தில் முட்டும் இடத்தையும் மறுபடி பாருங்கள். முதல் இரண்டு ஒன்றாக விழுந்து, குழல் சூடேறச் சூடேற மற்றவை ஒரே திசையில் நகர்ந்து போனால் எங்கோ மரம் குழலை அழுத்துகிறது. கழற்றி, கரி தடவி, அந்த இடத்தைத் தேடுங்கள். இருபது தோட்டா ஆனதும் திருகுகள் ஒருமுறை இளகும். பழைய அளவுக்கே இறுக்கிவிட்டு, அடைமழை கழிந்து தை மாதத்தில் இன்னொரு ஐந்து சுட்டுப் பாருங்கள்.